312 டிகிரி பிரேக் ஆயில்: டிராக் டேக்கு நான் செய்த செலவும் அது வசூலான கணக்கும்

மோட்டுல் ஆர்பிஎஃப் 600. அரை லிட்டர் பாட்டில். டிராக் டேக்காக, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாளுக்காக, காரைத் தயார் செய்ய நான் வாங்கிய சாமான்களில், கொடுத்த காசு வசூலாகிவிட்டது என்று அடித்துச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மற்றவற்றில் சில பரவாயில்லை ரகம், சில வீண். அவற்றையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

என் கார் 2020 போலோ, 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர். 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். எஞ்சினில் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். மிஷினில் ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அதை நிறுத்துகிற வழியைப் பார் என்று வேலைக்கு வருகிற பையனுக்கு முதல் நாளே சொல்லித்தருவோம். காருக்கும் அதே புத்திதான். ஆனால் ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது), ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் என்று எழுபதாயிரம் எண்பதாயிரம் செலவழித்துவிட்டு, ஷோரூமில் வந்த பிரேக் ஆயிலோடு டிராக்குக்கு வருகிற தம்பிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாதி நாளில் பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழைய ஆட்கள் வாயில் இன்னமும் எம்எம்ஆர்டிதான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது, 1990இல் திறந்தது. அதற்கு முன்னால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. எங்கள் அப்பா அங்கே தடுப்புக்கு வைத்திருந்த வைக்கோல் கட்டு மேலே ஏறி நின்று பார்த்த கதையை ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றி மாற்றிச் சொல்வார். இப்போதைய டிராக் ஒரு முழுச் சுற்றுக்கு 3.717 கிலோமீட்டர், 12 வளைவு, கடிகாரச் சுற்று. கூட்டிப் பார்த்தால் வலது பக்க வளைவுதான் அதிகம் என்பதால் இடது முன் டயர்தான் அடி வாங்கும். அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் பிரேக் ஆயிலுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று ஒரு கணக்கு. ஆளோடு சேர்த்து என் கார் சுமார் 1,150 கிலோ. நேர்பாதை முடிவில் 140இல் வந்து 70க்கு இறக்குகிறேன் என்று வையுங்கள். வேகம்தான் பாதியாகிறது, வண்டியின் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடும். போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 650 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கிற தண்ணீர் இரண்டு லிட்டரைக் கொதிக்கும் பதத்துக்குக் கொண்டுபோக 590 கிலோஜூல் போதும். ஒரு தடவை பெடலை மிதித்ததற்கு இவ்வளவு சூடு. இதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டிலும்தான் இறங்கும். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மவுன்ட் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் மிதிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

அந்தச் சூடு டிஸ்கைப் பிடிக்கிற பேட் வழியாக, பேடைத் தள்ளுகிற பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகிறது. ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதி முழுக்க அந்தக் குமிழியை நசுக்குவதற்கே செலவாகிவிடும். பெடல் மெத்தென்று தரை வரைக்கும் இறங்கும், வண்டி நிற்காது. இதை பேட் சூடேறி வழுக்குவதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பேட் தோற்றால் பெடல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் பிடிமானம் மட்டும் இருக்காது, கூடவே தீய்ந்த வாடை வரும். பெடல் இறங்கினால் ஆயில், பெடல் கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேட். எதை மாற்ற வேண்டும் என்று பிட்டில் நின்றபடியே தெரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

பாட்டிலின் எண்களுக்கு வருகிறேன். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 என்று முத்திரை குத்த வேண்டுமானால் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு 155 வரைக்கும். முதலாவது உலர் கொதிநிலை, இரண்டாவது ஈரக் கொதிநிலை. ஆர்பிஎஃப் 600இன் உலர் எண் 312. விளம்பரம் செய்கிறவர்கள் எல்லோரும் காட்டுவது இதைத்தான். சென்னையில் இருக்கிறவன் படிக்க வேண்டியது இரண்டாவது எண்ணை. பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிற குணம் உண்டு. ஆயில் டப்பா மூடியின் மூச்சுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். கடலோரத்தில், ஐப்பசி கார்த்திகையில் துணி காயாத ஊரில், 312 என்பது பாட்டிலைத் திறந்த அன்றைக்குத்தான் உண்மை. இந்த ஆயிலின் ஈர எண் இருநூறைச் சற்றுத் தாண்டுகிறது. சாதா டாட் 4க்குச் சட்டம் கேட்கிற 155க்கு மேலே இது பெரிய இடைவெளி. நான் காசு கொடுத்தது அந்த இடைவெளிக்குத்தான். இதே கம்பெனியின் 660க்கு உலர் எண் 325. ஆனால் ஈர எண்ணில் சொல்லிக்கொள்கிற மாதிரி லாபம் ஒன்றும் இல்லை. ரேஸ் டீம்கள் மாதிரி அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு அது சரி. நமக்கு 600 போதும்.

வாங்கியது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். அந்தத் தெருவில் காருக்கு வேண்டியது வேண்டாதது எல்லாம் கிடைக்கும், அறிவுரை உட்பட. ஒரு கடையில் டாட் 4 ரேஸ் ஆயில் என்று கேட்டதும், "டாட் 5 தரேன், எடுத்துனு போ சார். நாலவிட அஞ்சு பெருசுதான?" என்றார்கள். தயவுசெய்து இந்தக் கணக்கில் விழாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன். கிளைகால் என்ற ரசாயன வகையான டாட் 3, 4, 5.1 ஆகியவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள நம் வண்டிகளுக்கு ஆகாது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4இன் குடும்பம்தான். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். இன்னொரு கடையில் சரியான பாட்டிலே இருந்தது, மூடியின் சீல் மட்டும் பிளந்திருந்தது. "உள்ள ஆயில் அப்படியேதான் கீது சார், குலுக்கிப் பாருங்க" என்றார் பையன். ஈரத்தைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வித்தை எனக்குத் தெரியாது. மூன்றாவது கடையில் சீல் உடையாத பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பில்லும் கொடுத்தார்கள், கேட்காமலே. விலை சாதா ஆயிலைப்போலப் பல மடங்கு. அங்கேயே இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு எதற்கு என்றால், டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டு மேலே புதுசை ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சூடாகிற இடம் காலிப்பர், அதாவது சக்கரத்தில் பேடை அழுத்துகிற பாகம். அங்கே இருப்பது பழைய ஆயில்தான். நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து, பழசு முழுக்க வெளியே வந்து புதுசு வருகிற வரைக்கும் விட வேண்டும். போலோவில் கிளட்சும் அதே டப்பாவிலிருந்துதான் குடிக்கிறது, அதற்கும் ஒரு நிப்பிள் உண்டு. ஒரு பாட்டில் பின் சக்கரங்களோடு தீர்ந்துவிடும்.

கொரட்டூரில் பாய் கராஜில் செய்தோம். எத்தனையோ வருஷப் பழக்கம். என் பட்டறைக்குப் புஷ் கடைய வருவார், நான் வண்டிக்கு அவரிடம் போவேன். அவர் கீழே, நான் சீட்டில்.

"தம்பி, அமுக்கு. புடி. விடாத." ஸ்பேனரைக் கால் திருப்பு திருப்புவார். நிப்பிளில் மாட்டிய கண்ணாடி டியூபில் ஆயில் ஓடும், பெடல் என் காலோடு இறங்கும். "புடி புடி... இப்ப விடு." மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் வெளியே போனதெல்லாம் காற்றோடு உள்ளே திரும்பிவிடும். முன் இடது சக்கரத்திலிருந்து முதலில் வந்தது கடுங்காப்பி நிறம். கொஞ்ச நேரத்தில் வெளிறி, நடுவே கடுகளவு குமிழி இரண்டு ஓடி, அப்புறம் சுத்தமான வெளிர் மஞ்சள். பாய் டியூபைச் சுண்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விடு என்றார். நடுவில் டப்பாவை அடிக்கடி எட்டிப் பார்த்து நிரப்ப வேண்டும். அது வற்றி, ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேனர் மாட்டி பம்ப்பை ஓட்டித்தான் எடுக்க முடியும். பாயிடம் அது கிடையாது. பெயின்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் அரித்துவிடும், பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் துணியும் கட்டாயம். எந்தச் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதை அவரவர் வண்டி மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள்.

முடிந்ததும் டப்பாவின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதியை மார்க்கரில் எழுதிவைத்தேன். பட்டறைப் பழக்கம்.

ஆயில் நல்லதா என்று தெரிய வேண்டுமானால் ஒப்பிட ஏதாவது வேண்டும். அதனால்தான் முந்தைய டிராக் டேக்கு வேண்டுமென்றே சர்வீஸில் புதிதாக மாற்றிய சாதா டாட் 4ஓடு போயிருந்தேன். பேட் அதே பேட், டயர் அதே டயர். அன்றைக்கு நாலைந்து சுற்றுக்குப் பிறகு பெடல் நீள ஆரம்பித்தது. முதலில் விரலளவு. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் சோதனை தேவையில்லை என்று கையை வெளியே காட்டிவிட்டு, ஒரு சுற்று மெதுவாக வந்து பிட்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஆறிய பிறகும் பெடல் பழையபடி ஏறி வரவில்லை. ஒருமுறை கொதித்த ஆயில் அப்படித்தான்.

ஆர்பிஎஃப் 600 ஊற்றிய பிறகு அதே பதினைந்து நிமிட ஓட்டம், சித்திரை வெயில். பெடலின் உயரம் முதல் சுற்றில் எங்கே இருந்ததோ கடைசிச் சுற்றிலும் அங்கேயே. சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. இந்தச் சாமானின் அருமையே சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான். வேகம் கூடாது, சத்தம் வராது, யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் பிரேக் மிதிக்கிற இடத்தைச் சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி வைத்துக்கொள்ள முடிந்தது. ஓட்டக் கற்றுக்கொள்வதே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. முன்னால் பாதிக் கவனம் காலுக்கடியில் இருந்தது.

பட்டறையிலிருந்து இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் எடுத்துப் போயிருந்தேன். ஆறவைக்கிற சுற்று முடித்து நின்றதும் முன் டிஸ்க் 250ஐ ஒட்டிக் காட்டியது, பின் டிரம் அதில் பாதிகூட இல்லை. பளபளப்பான இரும்பில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது இருந்த சூடு இதைவிட எவ்வளவோ கூட இருந்திருக்கும். இன்னொன்று, வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்கக் கூடாது. கொதிக்கிற டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுவிட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எங்கள் வரிசையில் பாதிப் பேர் செங்கல்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

பேட் பற்றி. கொஞ்சம் உலோகம் கலந்த ரகம் போட்டிருக்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன். டிராக்கில் குறையே இல்லை. வீட்டில்தான் பிரச்சினை. காலையில் ஆறிக் கிடக்கும்போது முதல் இரண்டு மிதிக்குப் பிடிப்பு குறைவு. அப்புறம் ஒரு கீச்சு. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நான் தெருமுனை திரும்புவதற்குள் கேட்டைத் திறந்துவிடுகிறார். அலாய் வீல் இரண்டு நாளில் கறுத்துப்போகிறது. என் மனைவி இந்தக் காரை எடுத்து மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், மானம் போகிறதாம். வாங்கினால் முதலில் பதப்படுத்த வேண்டும்: அதிகாலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி காலியான ரோட்டில் 80இலிருந்து 20க்கு, முழுக்க நிறுத்தாமல், பல முறை இறக்கிவிட்டு, பிறகு மிதிக்காமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே டிராக்கில் இறக்கிவிட்டு பேட் மோசம் என்று எழுதுகிறார்கள்.

டயருக்கு நான் புதுசு எதுவும் வாங்கவில்லை. வாங்கியது நல்ல பிரஷர் கேஜ். எங்கள் ஏரியா பெட்ரோல் பங்க் மீட்டர் என் கேஜைவிட மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டுகிறது. தினசரிக்கு அதோடு வாழலாம், டிராக்கில் முடியாது. சூடேறினால் டயரில் காற்றழுத்தம் ஏறும். காலையில் 30 வைத்துக் கிளம்பினேன். முதல் ஓட்டம் முடிந்து வந்து பார்த்தபோது முன் டயர் 36ஐத் தாண்டியிருந்தது. சூடாக இருக்கும்போதே 34க்கு இறக்கினேன். டயர் தோளில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்கலாம். பக்கச் சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் டயர் புரள்கிறது, காற்று போதவில்லை. என் இடது முன் டயரில் கோடு டயர் தோளில் அச்சிட்டிருக்கிற சின்ன முக்கோணக் குறிக்கு அருகே நின்றது. அஞ்சு ரூபாய் சாக்பீஸ் அஞ்சாயிரம் ரூபாய் வேலை செய்தது. வீட்டுக்குக் கிளம்பும் முன் டயர் ஆறியதும் மறுபடி பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். மறக்காமல் இருக்கத்தான் காலால் மிதிக்கிற பம்ப்பை டிக்கியில் வைத்திருக்கிறேன்.

டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சொல்கிற ஸ்பேனர், என் பட்டறையில் இருக்கிறது. போலோவுக்கு நட் கிடையாது, வீல் போல்ட். 120 நியூட்டன் மீட்டர். பெரும்பாலான டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்து டர்ரென்று ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றிய ஒரு போல்ட்டைக் கழற்ற நானும் பாயும் ஸ்பேனரில் இரண்டடி பைப் சொருகித் தொங்க வேண்டியிருந்தது. கடைசியாக இறுக்குவது கையால், க்ளிக் சத்தம் கேட்கிற வரைக்கும். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் இன்னொரு தடவை.

ஸ்க்ரூட்டினி, அதாவது வண்டியை உள்ளே விடுவதற்கு முன் நடக்கிற சோதனை, நான் நினைத்ததைவிட நன்றாகவே செய்தார்கள். பேட்டரி கட்டு ஆட்டிப் பார்த்தார்கள், கீழே குனிந்து ஒழுகல் பார்த்தார்கள், ஃப்ளோர் மேட்டை எடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று சீட்டுக்கடியிலிருந்து உருண்டு பெடலுக்குப் பின்னால் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் அம்மா ஒட்டிய பிள்ளையாரையும் எடுக்கச் சொன்னார் அந்தப் பெரியவர், கொஞ்சம் தயங்கிக்கொண்டே. "சாமியும் ஒரு லூஸ் பார்ட்தான் சார், பறந்தா நெத்தியிலதான் வந்து உக்காருவாரு." டபுள் டேப்பை உரித்து, கைக்குட்டையில் சுற்றி, நண்பரிடம் கொடுத்து உட்காரவைத்தேன். அம்மாவுக்கு இதுவரை சொல்லவில்லை.

முன் பம்பரில் டோ ஹூக்கை மாட்டி வைத்துவிடுங்கள், மண்ணில் இறங்கினால் இழுக்கிறவர்களுக்கு நேரம் மிச்சம். போலோவில் அதற்கு இடது மரை. வழக்கம்போல வலது பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் ஏறாது. என்ஜின் ஆயில் மேல் கோடு வரைக்கும், கூலன்ட் ஆறிய பிறகு பார்த்து. முழு முக ஹெல்மெட், ஷூ, பருத்தித் துணி. ஏசி வேண்டாம், வியர்க்கத்தான் செய்யும்.

இன்னொரு செலவுக் கணக்கும் உண்டு, பில்லில் வராதது. வீட்டுக் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்: ஏற்பாடு செய்த ரேஸ், வேகச் சோதனை, பேஸ் மேக்கிங் இதற்கெல்லாம் பயன்படுத்தினால் செல்லாது என்று பயன்பாட்டு வரம்பில் அச்சடித்திருக்கும். சுவரில் உரசினால் அது நம் பாக்கெட்தான். கேட்டிலும் பொறுப்பு எங்களுடையது அல்ல என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணத்தை மனதில் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போகிறேன். வைக்க முடியாதவர்கள் வேடிக்கை பார்க்க வரலாம், கேன்டீன் டீ மோசமில்லை.

ரேஸ் ஆயிலுக்கு உள்ள தொல்லைகள் எந்தக் கம்பெனி வாங்கினாலும் உள்ளவைதான். திறந்த பாட்டிலை வைத்திருந்து பிறகு பயன்படுத்த முடியாது. இரண்டாவது பாட்டிலில் மிஞ்சியதை அன்றைக்கே பாயின் சொந்த வண்டிக்கு ஊற்றிவிட்டோம். சாதா ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்று ஃபோக்ஸ்வாகன் சொல்கிறது. இதை நான் அவ்வளவு நாள் நம்பி விடமாட்டேன்: மழைக்காலம் ஒன்று தாண்டினால் மாற்றிவிடுவேன், டிராக் டேக்குப் பிறகு காலிப்பரில் இருப்பதைக் கொஞ்சம் வெளியே விட்டுப் பார்ப்பேன். குளிர் நாட்டுக்காரர்கள் இது கெட்டி, மைனஸ் 40இல் ஏபிஎஸ் மந்தமாகும் என்பார்கள். மீனம்பாக்கத்தில் மைனஸ் 40 வருகிற அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஐந்துக்கு நாலரை. அரை மார்க் விலைக்காகக் குறைத்தது. யாருக்கு வேண்டாம் என்றால், ஈசிஆரில் மகாபலிபுரம் வரைக்கும் போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வேண்டாம். சாதா டாட் 4 ஒழுங்காக மாற்றியிருந்தாலே தாராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவை இறங்குகிறவர்களுக்கும் வேண்டாம். அங்கே இரண்டாம் கியரில் இறங்கினால் பிரேக்குக்கே வேலை பாதிதான். டிராக்குக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரீமேப்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால் இதை வாங்குங்கள். இரண்டு பாட்டில், சீல் பார்த்து.